அம்ருத்குஞ்ச் எண்ணெய் ஒப்பாய்வுக் குழு

சாதி, மதம், மொழி, மாநிலம் என்று எந்த வேற்றுமையும் பாராட்டாத பூமி ஒன்று இந்தியாவில் உண்டென்றால், அது செம்பூரில் நான்கு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் எங்கள் 'அம்ருத்குஞ்ச் கூட்டுறவு வீட்டுவசதி சங்கம்'தான். சங்கத்தின் கௌரவச் செயலாளரான நானே இதைச் சொல்வது அடக்கமாகாது. ஆகவே கௌரவத் தலைவர் கிட்டு சாரும் இதையே சொல்கிறார் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குள் நாங்கள் பேதம் பார்ப்பதில்லை. கொழுப்பு அமிலங்களுக்குள் மட்டும்தான் பார்க்கிறோம்.

வாடகைக்கு வருகிறவரிடம் "என்ன வேலை, என்ன சம்பளம்" என்று கேட்பது பம்பாய் வழக்கம். "என்ன எண்ணெய்" என்று கேட்ட முதல் சங்கம் எங்களுடையது. அந்த மகத்தான மரபு எப்படிப் பிறந்தது என்பதை வருங்காலச் சந்ததிக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் 302-ஆம் எண் வீடு ஸ்ரீலேகாவுடையது. கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. அவளைப் புனேக்கு மாற்றினார்கள். பூட்டிய வீட்டுக்கும் பேங்க் தவணை உண்டு என்பதால் வாடகைக்கு விடத் தீர்மானித்தாள். ஆளையும் அவளே பார்த்துவிட்டாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஜெனிஃபர், அவள் கணவன் ஆன்றோ. ஆன்றோவுக்கு டிராம்பே பக்கம் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை. இருவருமே தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். பூர்விகம் திருநெல்வேலிக்குத் தெற்கே.

"அங்கிள், ஜெனிஃபருக்கு இது ஆறாம் மாசம்," என்று ஸ்ரீலேகா என்னிடம் போனில் சொன்னாள். "அவா இருக்கறது மாடி ரூம். இரும்பு ஏணியிலதான் ஏறி எறங்கணும். இனிமே அதுல கால் வைக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நம்ம பில்டிங்ல லிஃப்ட் இருக்கு. அவர் வேலைக்கும் பக்கம். சீக்கிரமா என்.ஓ.சி. குடுத்துடுங்கோ."

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்பது உண்மை. அது ஓடும் என்று நாங்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருந்தது. அதற்கு முதலில் ஆட்சேபணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கிட்டு சார் வீட்டில் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது.

கிட்டு சார் ஒரு வங்கியில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது அவருக்கல்ல, வங்கிக்கு என்று சிலர் சொல்வதுண்டு. நான் சொல்வதில்லை.

"தாராவியா?" என்றார்.

"தாராவிதான்," என்றேன்.

"ஜெனிஃபரா?"

"ஜெனிஃபர்தான்."

கிட்டு சார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் அரசியலமைப்புச் சட்டத்தை நினைத்துக்கொள்கிறார் என்று பொருள்.

"நமக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, கேட்டேளா? யார் வேணும்னாலும் வரலாம், இருக்கலாம். நாம என்ன அந்தக் காலத்து மனுஷாளா? ஆனா..."

இந்த 'ஆனா'வில்தான் எங்கள் சங்கத்தின் துணைவிதிகள் அத்தனையும் அடக்கம்.

எங்கள் பொருளாளர் அரைத் தூக்கத்திலிருந்து விழித்து, "மீன் வாசனை வருமே," என்றார்.

கிட்டு சார் பதறிவிட்டார். "மீன் பேச்சையே எடுக்கப்படாது! சட்ட விரோதம். ஒருத்தர் என்ன சாப்பிடறார்ங்கறது அவரோட சொந்த விஷயம். அதை எதுல பொரிக்கறார்ங்கறதுதான் பொது விஷயம்."

அறையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். ஒரு தத்துவம் பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

"யோசிச்சுப் பாருங்கோ," என்று அவர் விளக்கினார். "எண்ணெய் காஞ்சா புகை வரும். புகை பாசேஜுக்கு வரும். பாசேஜ் காமன் ஏரியா. அந்தக் காத்தைத்தான் 202-ல நான் சுவாசிக்கறேன். எனக்கோ கொலஸ்ட்ரால். அப்போ 302-ல என்ன எண்ணெய்ங்கறது என் ஹார்ட்டோட விஷயமா இல்லையா?"

ஆகவே, கட்டடவாசிகளின் இதய நலனை முன்னிட்டு, குடிவரும் குடும்பங்களின் சமையல் எண்ணெயைச் 'சத்து அடிப்படையில் ஒப்பிட்டு' முடிவு செய்ய ஒரு குழு அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கிட்டு சாரின் மனைவி விஜயலக்ஷ்மி மாமி ஒரு தாம்பாளம் நிறைய நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து வைத்தார். தேங்காயெண்ணெயில் பொரித்து எடுத்த சூடு இன்னும் ஆறவில்லை. விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு தீர்மானத்தில் கையெழுத்திட்டோம். காகிதத்தில் கொஞ்சம் எண்ணெய் படிந்தது. நல்ல சகுனம்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்றோவும் ஜெனிஃபரும் வந்தார்கள். ஆன்றோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஜெனிஃபர் இரண்டு மாடி ஏறிய களைப்பில் நாற்காலியின் கையைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தாள். லிஃப்ட் அன்று ஓய்வில் இருந்தது.

குழு உறுப்பினர்களான எங்களுக்கு மாமி வழக்கமான பித்தளை டவரா டம்ளரில் காபி கொடுத்தார். விருந்தினர்களுக்கோ புத்தம் புதிய காகிதக் கப். அதற்கு முன் யாரும் வாய் வைக்காதது. அதற்குப் பிறகும் யாரும் வாய் வைக்கப்போவதில்லை. இதைவிட மரியாதை ஒரு வீட்டில் கிடைக்குமா?

"நம்ம தமிழ்க்காரா! ரொம்ப சந்தோஷம்," என்று கிட்டு சார் மலர்ந்தார்.

"தேங்க்ஸ் சார்," என்றார் ஆன்றோ. "டெபாசிட், அக்ரிமென்ட், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் ரெடியா வச்சிருக்கோம்."

"அதெல்லாம் கிடக்கட்டும். ஆத்துல என்ன எண்ணெய்?"

ஆன்றோவின் முகம் மாறியது. "ஆத்துலயா? ஆத்துல எண்ணெ விடுதது எங்க பிளான்ட் கிடையாது சார். சத்தியமா. அது வேற யாராவது இருக்கும்."

"வீட்டில் என்று கேட்கிறார்," என்று நான் குறுக்கிட்டு விளக்கினேன். "சமையலுக்கு."

"சமையலுக்கா?" ஆன்றோ மனைவியைப் பார்த்தார்.

"தேங்கா எண்ணெதான் சார்," என்றாள் ஜெனிஃபர். "கொழம்புக்கும் அதான், பொரிக்கதுக்கும் அதான். ஏன் சார்?"

கிட்டு சார் மார்பில் கையை வைத்துக்கொண்டார். "தேங்காயெண்ணெயா! நூத்துக்குத் தொண்ணூறு நிறைகொழுப்பு ஆக்கும் அது. கெட்ட கொலஸ்ட்ராலுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கற மாதிரி!"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து மாமி பூசணிக்காய் ஓலனில் பச்சைத் தேங்காயெண்ணெயை ஊற்றும் வாசனை கூடத்தை நிறைத்தது. ஜெனிஃபர் மூக்கை நிமிர்த்தினாள்.

"உள்ள இருந்து வருதே சார், அதும் தேங்கா எண்ணெ வாசந்தான?"

"அது பாலக்காட்டுலேர்ந்து வரது. செக்குல ஆட்டினது. அதை எண்ணெய்னே சொல்லப்படாது. ஒரு மாதிரி மருந்து."

"எங்களுக்கும் ஊர்ல செக்குல ஆட்டித்தான் சார் எங்க சித்தி குடுத்து விடுவாவ."

"செக்கு ஒண்ணா இருக்கலாம். தேங்கா வேற," என்றார் கிட்டு சார். குழுவில் எவராலும் இதை மறுக்க முடியவில்லை.

ஆன்றோ சமாதானப் பிரியர். "டென்ஷன் வேண்டாம் சார். மாத்திக்கிடுதோம். சூரியகாந்தி எண்ணெ ஓகேயா?"

"ஒமேகா ஆறு ஜாஸ்தி. உள்ளுக்குள்ள வீக்கம் வரும்."

"நல்லெண்ணெ?"

"உஷ்ணம்."

"குளுமைன்னுல்லா சொல்லுவாவ?" என்றாள் ஜெனிஃபர்.

"தலையில தேச்சா குளுமை. தாளிச்சா உஷ்ணம்."

"அப்பம் கடலை எண்ணெ?"

"104-ல ஒரு குழந்தைக்குக் கடலைன்னாலே ஒத்துக்காது." அந்தக் குழந்தை தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வாமை எப்போது தொடங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

"நெய்யி?" என்று கேட்டாள் ஜெனிஃபர். குரலில் பொறுமை குறைந்திருந்தது.

"நெய்யை இந்த லிஸ்டுல கொண்டுவரப்படாது. நெய் கொழுப்பு இல்லை. பண்பாடு."

"சரி சார். பண்பாட்டுலயே சமைச்சிக்கிடுதோம்."

"பண்பாட்டுல மீன் பொரிப்பேளா?" என்று கிட்டு சார் சீறிவிட்டார்.

அந்தச் சட்ட விரோதமான சொல் தலைவர் வாயிலிருந்தே வந்துவிட்டதால் நான் பலமாக இருமினேன்.

ஆன்றோ கையைக் கூப்பினார். "சார், எண்ணெயே வேண்டாம். பொட்டு எண்ணெ இல்லாம அவிச்சே தின்னுக்கிடுதோம். சரிதான? இவளுக்கு அந்த ஏணில ஏறாம இருந்தா போதும்."

குழு இதை எதிர்பார்க்கவில்லை. பொருளாளர் முழுமையாக விழித்துக்கொண்டார். எண்ணெயே இல்லாத ஒருவரை எந்த எண்ணெயின் பேரால் மறுப்பது? ஆனால் வட்டார மேலாளர் பதவி சும்மா கிடைப்பதல்ல.

"என்ன பேச்சு பேசறேள்!" என்று கிட்டு சார் உருகினார். "வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புலதான் கரையும். கர்ப்பிணிப் பொண்ணு எண்ணெயே இல்லாம சாப்பிட்டா வயத்துல இருக்கற குழந்தை என்னத்துக்காறது? அந்தப் பாவத்துக்கு இந்த சொசைட்டி உடந்தையா இருக்க முடியாது."

ஒரு சங்கம் பிறக்காத குழந்தையின் சத்துக்காக இத்தனை கவலைப்படுவதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஜெனிஃபர் இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். காபியைத் தொட்டிருக்கவில்லை.

"வேண்டாம்னா வேண்டாம்னு நேராச் சொல்லிருங்க சார். நாங்க கேக்காததா? இந்தச் செம்பூர்லயே ரெண்டு மூணு வீட்டுல பேரக் கேட்ட ஒடனே கதவச் சாத்திட்டாவ. அது எவ்வளவோ தேவல. நின்ன கால்ல திரும்பிரலாம். நீங்க மாடி ஏற வச்சி, உக்கார வச்சி, காப்பியும் குடுத்துல்லா சாத்துதிய." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஊர்ப்பட்ட எண்ணெ பேரெல்லாம் சொன்னியள்ள. நான் ஒரு பேரு சொல்லட்டா? இதுக்குப் பேரு கொழுப்பு சார்."

ஆன்றோ அவள் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். படியில் அவர்கள் மெல்ல இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்றைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் நான் எழுதினேன்: 'பிரச்சினைக்குக் காரணம் கொழுப்பே என்பதை விண்ணப்பதாரரும் ஒப்புக்கொண்டார்.'

ஸ்ரீலேகா புனேயிலிருந்து போனில் கத்தினாள். "என்ன அங்கிள் கூத்து இது? எந்த எண்ணெய் நல்லது, எது கெட்டதுன்னு கிட்டு மாமாவா தீர்மானிக்கறது? படிச்சவா ஒருத்தர் சொல்லட்டும், நான் கேக்கறேன்."

விஞ்ஞானத்துக்கு அஞ்சுகிறவர்கள் அல்ல நாங்கள். மாடியில் ஷாமியானா போட்டு, 'சமையல் எண்ணெய்களும் கொழுப்புகளும்: ஒரு சத்து ஒப்பீடு' என்று கருத்தரங்கமே நடத்திவிட்டோம். பேச வந்தவர் அதீபா. கிட்டு சார் இதயத்தைக் காட்டும் ஆஸ்பத்திரியில் உணவியல் நிபுணர். காயல்பட்டினத்துக் குடும்பம், பிறந்தது பம்பாய். "தங்கமான பொண்ணு. என்ன தமிழ், என்ன மரியாதை! எக்ஸ்பர்ட் யாராயிருந்தா என்ன? நாம மேடை போட்டுக் குடுப்போம். அதான் அம்ருத்குஞ்ச்," என்று கிட்டு சார் எல்லோரிடமும் பெருமைப்பட்டார்.

மேடைக்குப் பின்னால் 'நல்ல எண்ணெய், நல்ல எண்ணம்' என்று பேனர் கட்டத் திட்டமிட்டிருந்தோம். தமிழ் படிக்கத் தெரியாத பேனர்க்காரர் 'நல்ல எண்ணெய், நல்ல எண்ணெய்' என்று அடித்துக் கொடுத்துவிட்டார். எண்ணத்துக்கு இடமில்லாமல் போனது அவர் பிழைதான். ஆனால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

வந்தவர்களுக்கு உளுந்து வடையும், தொட்டால் நெய் ஒட்டும் மைசூர்பாகும் கொடுத்தோம். இதய நலனைப் பற்றி வெறும் வயிற்றில் கேட்க முடியாது.

அதீபா மேஜையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு எண்ணெயாக ஊற்றி வைத்தார். கடைசிக் கிண்ணத்தில் நெய்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தார். "இதுல எதை எடுத்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். ஆலிவ் எண்ணெய்க்கும் ஒன்பது, தெருமுனை பஜ்ஜிக் கடை எண்ணெய்க்கும் ஒன்பது. அந்த விஷயத்துல எல்லாம் சமம்."

'சமம்' என்ற சொல் கேட்டதும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு.

"வித்தியாசம் உள்ள இருக்கற கொழுப்புல. தேங்காயெண்ணெயில நிறைகொழுப்பு ரொம்ப அதிகம். நெய்யிலயும் பாதிக்கு மேல அதான். பாமாயில்ல கிட்டத்தட்ட பாதி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டும் நடுத்தரம், நல்லது. சூரியகாந்தியில வைட்டமின் ஈ இருக்கு, ஆனா அதையே தினமும் ஊத்தணும்னு இல்ல. கடுகெண்ணெயில ஒமேகா மூணு கொஞ்சம் உண்டு. மாத்தி மாத்திச் சேருங்க. எதுவா இருந்தாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு டீஸ்பூன் போதும். பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீங்க. வேற ரகசியம் ஒண்ணும் இல்ல."

கிட்டு சார் கையைத் தூக்கினார். "மேடம், ஒரு முக்கியமான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரா எண்ணெயால என் கொலஸ்ட்ரால் ஏறுமா?"

"அவங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டா ஏறும் சார்."

"வாசனை மூலமா?"

"வாசனைக்குக் கலோரி கிடையாது. பசி வேணும்னா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். கிட்டு சார் சிரிக்கவில்லை.

"உங்க வீட்டுல ரெண்டே பேர்தானே?" என்று அதீபா மாமியைப் பார்த்துக் கேட்டார். "மாசத்துக்கு எவ்ளோ எண்ணெய் ஆகும்?"

"ரொம்பக் கம்மிதான். அஞ்சு லிட்டர்," என்றார் மாமி பெருமையாக. "நெய் தனி. நெய்யை நாங்க கணக்குல சேக்கறதில்லை."

அதீபா மாமியைப் பார்த்தார். பிறகு கிட்டு சாரின் கையிலிருந்த மூன்றாவது வடையைப் பார்த்தார். "சார், உங்களுக்கு ஆபத்து பக்கத்து வீட்டுலேர்ந்து வரல. உங்க வாணலியிலேர்ந்தே வருது," என்றார்.

பலத்த கைதட்டல். கிட்டு சார் எழுந்து அவருக்குச் சால்வை போர்த்தி, நன்றியுரையில் இப்படி அறிவித்தார்: "எண்ணெய் விஷயத்துல அலட்சியமா இருக்கப்படாதுன்னு நம்ம சங்கம் சொன்னதையே மேடம் விஞ்ஞானப்பூர்வமா நிரூபிச்சிருக்கார். தேங்காயெண்ணெயில நிறைகொழுப்பு அதிகம்னு அவர் வாயாலேயே சொன்னதை எல்லாரும் கேட்டேள்."

மறுநாள், 'நிபுணர் கருத்தின் அடிப்படையில்' 302-க்கு என்.ஓ.சி. மறுக்கப்பட்டது. தன் பேச்சு இதற்குத்தான் பயன்பட்டது என்று அதீபாவுக்கு அப்போது தெரியாது. விஞ்ஞானிகள் பலருக்கும் அப்படித்தான்.

வீடு காலியாகவே கிடந்தது. தவணை கழுத்தை நெரித்தபோது, கிட்டு சார் கொண்டுவந்து நிறுத்திய ஆளை ஸ்ரீலேகா வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். விஜயலக்ஷ்மி மாமியின் ஒன்றுவிட்ட அக்காவின் பேரன். பவாயில் கம்ப்யூட்டர் வேலை. நேர்காணலில் "அம்மா சௌக்கியமா?" என்று கேட்டோம். சௌக்கியம் என்றான். காபி, டவரா டம்ளரில் வந்தது. எண்ணெயைப் பற்றிக் கேட்க எல்லோருமே மறந்துவிட்டோம். கடமை தவறாதவன் என்பதால் நான்தான் நினைவூட்டினேன்.

"ஐ டோன்ட் குக், அங்கிள்," என்றான்.

கிட்டு சாரின் கண் கலங்கிவிட்டது. "ஜீரோ ஆயில்! கேட்டேளா? இந்த வயசுல என்ன கட்டுப்பாடு!"

அதன் பிறகு 302-க்குத் தினமும் மூன்று வேளையும் டெலிவரிப் பையன்கள் வந்தார்கள். வாளி வாளியாகப் பொரித்த கோழி, மட்டன் கபாப், பொம்பில் மீன் வறுவல். லிஃப்ட் ஓடிய நாட்களில் லிஃப்டில் மணந்தது. ஓடாத நாட்களில் மாடிப்படி நெடுக மணந்தது. ஒருமுறை பாசேஜில் அந்த மணத்தின் நடுவே நான் கிட்டு சாரைப் பார்த்தேன். அவர் ஆழ்ந்து சுவாசித்து, "வளர்ற பையன். புரோட்டீன் வேண்டாமா?" என்றார். குடியரசு தினத்தன்று, வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வாங்காத அவனுக்கு 'இதய நண்பர்' சான்றிதழ் வழங்கினோம்.

அந்த நாட்களில்தான் குர்லா ஸ்டேஷனில் ஆன்றோவைப் பார்த்தேன். கல்யாண் வண்டியிலிருந்து இறங்கி, செம்பூர்ப் பக்கம் போகும் பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டும் காணாமல் போயிருக்கலாம். நின்றார்.

"நல்லாருக்கியளா சார்? கல்யாண்ல வீடு கெடச்சிது. தரைத்தளம். பொண்ணு பொறந்திருக்கு."

"அடடா! எப்போ?"

"மாசம் தெகையதுக்கு முன்னமே. ஆபீஸ் விட்டு டிரெயின்ல லேடீஸ் டப்பால நின்னுட்டே வந்திருக்கா. கூட்டம். தாணே வரதுக்குள்ள வலி வந்துட்டு. கூட வந்த பொம்பளைங்கதான் எறக்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காவ. நான் ஷிப்ட்ல இருந்தேன், போன் உள்ள கொண்டு போவ விடமாட்டான். எனக்குத் தெரியும்போது பிள்ளையக் கண்ணாடிப் பெட்டில வச்சிட்டாவ." அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்வளவுதான் சார் இருந்தா. இப்பம் வீட்டுக்கு வந்தாச்சு. பொழச்சிக்கிடுவா."

எனக்கு மனம் நெகிழ்ந்தது. சங்கத்தின் சார்பில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இதுக்குத்தான் அன்னிக்கே கிட்டு சார் சொன்னார்," என்றேன் அன்பாக. "கர்ப்ப காலத்துல சத்தான கொழுப்பு ரொம்ப முக்கியம்."

ஆன்றோ விரித்த கையை மடக்கிக்கொண்டார். வண்டி வந்தது. "வெளக்கெண்ணெ," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டத்தில் ஏறிப் போய்விட்டார்.

பிரசவித்த பெண்ணுக்கு விளக்கெண்ணெய் ஏற்றதுதானா என்று அதீபா மேடத்திடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஒப்பீட்டில் அந்த எண்ணெய் விடுபட்டிருந்தது.

மழைக்காலத்துக்கு முன் 'இதய நண்பர்' வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டான். வீடு மறுபடி காலி. ஸ்ரீலேகா போன் செய்தாள். இந்த முறை கத்தவில்லை. குரலில் தேன் ஒழுகியது.

"அங்கிள், புது டெனன்ட் பாத்துட்டேன். எண்ணெய்ப் பிரச்சினையே வராது. சாட்சாத் நம்ம அதீபா மேடமும் அவா ஆத்துக்காரர் ஹமீது சாரும். ஆஸ்பத்திரிக்குப் பக்கமா வீடு தேடிண்டிருந்தா, நான்தான் கூப்பிட்டுக் குடுத்தேன். ஜெனிஃபர் கதையும் சொல்லியிருக்கேன். அவாகிட்டப் போய் என்ன எண்ணெய்னு கிட்டு மாமா கேக்கட்டும். பாத்துடலாம்."

நான் இரண்டு இரண்டு படியாக ஏறிக் கிட்டு சார் வீட்டுக்கு ஓடினேன். செய்தியைக் கேட்டதும் அவர் கண்ணை மூடினார். அரசியலமைப்புச் சட்டம் அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

"ரொம்ப நல்ல மனுஷி," என்றார், மூடிய கண்ணோடு.

"ரொம்ப," என்றேன்.

"நாமளே சால்வை போத்தியிருக்கோம்."

"போட்டோவே இருக்கு."

"எண்ணெய்ல அவாளை ஒண்ணும் கேக்க முடியாது."

"வாயே திறக்க முடியாது சார்."

சமையலறையில் மாமி எதையோ பொரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நம்பிக்கை இழந்துவிட்டேன். அப்போது கிட்டு சார் கண்ணைத் திறந்தார். அதில் ஓர் ஒளி.

"கேஷவ்," என்றார் என்னிடம் மெதுவாக. "உப்பு எப்படி?"

அன்று மாலையே உப்பு ஒப்பாய்வுக் குழு அமைக்கப்பட்டது. கிட்டு சாருக்கு ரத்த அழுத்தமும் இருந்தது நல்லதாகப் போயிற்று. அமைப்பாளன் என்ற முறையில் நான்தான் அதீபா மேடத்துக்குப் போன் செய்தேன். குசலம் விசாரித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சேர்ப்பீர்கள் என்று கேட்டேன்.



"உங்க சொசைட்டியில எவ்ளோ வரைக்கும் அனுமதி, சார்?" என்று கேட்டார்.

எங்கள் சங்கத்தில் எதையும் ஒளித்துப் பேசும் வழக்கம் கிடையாது.

"கமிட்டி இன்னும் அளவை முடிவு பண்ணலை, மேடம். நீங்க எவ்வளவு போடறேள்னு சொல்லிட்டா, அதுக்கு ஒரு சிட்டிகை கம்மியா வெச்சுடறோம்."